லைனில் நிற்பவரிடம் வீட்டிலிருந்து பேசுவது

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து, ரயில் பாதையைத் தாண்டி, ஓரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை முனையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேஃப்டி ஷூ. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் ஏறிப் போவார்கள். அதே தெருவில், சில சமயம் அதே வீட்டின் மாடியறையில், ஒன்பது மணிக்கு ஒரு லேப்டாப் திறக்கும். அண்ணன் ஓரகடத்தில் லைனில் நிற்பார். தங்கைக்கு அடுத்த ஸ்டேஷனான பரனூரில், மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் டிசைன் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு. ஒரே வண்டியின் ஒரே பாகத்தை அவள் திரையில் பார்க்கிறாள், அவர் கையில் பிடிக்கிறார்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான நடைமுறைகளைச் சொல்லும் புத்தகங்கள் பலவும் இரண்டு பக்கமும் ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. நம் பகுதியில் பாதிப் பேச்சு அப்படி நடப்பதில்லை. ஒரு முனையில் நாற்காலியும் மின்விசிறியும் இருக்கின்றன. மறுமுனையில் காதில் அடைப்பான், கையில் கிளவுஸ், பக்கத்தில் ஓடும் பிரஸ். குவாலிட்டி, பிளானிங், பர்ச்சேஸ், டிசைன் என்று எந்தப் பிரிவில் இருந்தாலும், உங்கள் போனை எடுப்பவர் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பவர். இந்த அத்தியாயம் அவரை வைத்துத்தான்.

2020 மார்ச் 25இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது இந்தப் பிரிவுகளில் இருந்த பலருக்கு வீட்டிலிருந்து வேலை என்பது முதல் அனுபவம். சட்டத்தில் அதற்கான இடம் முன்பே கொஞ்சம் இருந்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், விடுப்பு முடிந்த பெண் தன் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் முதலாளியுடன் பேசி வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றது. அது தொழிற்சாலைக்கும் பொருந்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு வந்த விதி, ஊழியர்களில் பாதிப்பேர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று முதலில் வரம்பு வைத்தது, பிறகு தளர்த்தியது. லைனில் நிற்பவருக்கு இதில் எதுவும் கிடையாது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஓரகடம் ரெனோ-நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம் நோய்ப் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மே 26 முதல் சில நாட்களுக்கு ஆலை நிறுத்தப்பட்டது. நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து மீட்டிங் போட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், லைனில் பக்கத்து ஆளுக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்காக அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. நம் போனை அவர் எடுக்கும் விதத்தில் அந்த நினைவு இன்னும் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். அவருக்கு அது அரை நிமிட வேலை. மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பல ஆலைகளில் கேட்டிலேயே செக்யூரிட்டி போனை வாங்கி, கேமரா கண்ணின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். வெளியே போகும்போது அது கிழியாமல் இருக்க வேண்டும். சில இடங்களில் லைனுக்குள் போனே கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, நீங்கள் கேட்ட அந்த ஒரு படத்துக்காக அவர் லைனை விட்டு வர வேண்டும். தன் இடத்தில் நிற்க இன்னொருவரைக் கெஞ்ச வேண்டும். கேமராவுக்கு அனுமதி உள்ள போனோ டேப்லெட்டோ யாரிடம் இருக்கிறது என்று குவாலிட்டி கேபினில் போய்க் கேட்க வேண்டும். எண்ணெய் பட்ட கிளவுஸைக் கழற்ற வேண்டும். வெர்னியரை ஒரு கையிலும் பாகத்தை இன்னொரு கையிலும் பிடித்தால் படம் எடுக்க மூன்றாவது கை வேண்டும். இதையெல்லாம் செய்யாமல், "சார் கேட்டாரு" என்று ஸ்டிக்கரைப் பிய்த்துப் படம் அனுப்பிய ஒரு இளைஞர் அன்று மாலை கேட்டில் மாட்டினார். விளக்கக் கடிதம் எழுதியது அவர். படம் கேட்டவருக்கு அந்தச் செய்தி வந்து சேர ஒரு வாரம் ஆனது. படம் கேட்டவன் நான்தான். அதற்குப் பிறகு, படம் எடுக்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தெரியாமல் நான் படம் கேட்டதில்லை.

ஆகவே புதிதாக ஓர் ஆலையுடனோ வெண்டருடனோ வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லைனில் போன் கொண்டுபோகலாமா? படம் எடுக்க அனுமதி உள்ள கருவி எது, அது யார் பொறுப்பில் இருக்கிறது? அவசரம் என்றால் எந்த லேண்ட்லைனுக்குக் கூப்பிட வேண்டும்? பிறகு, படம் உண்மையிலேயே வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையின் விட்டம் சரியா என்று தெரிய பிளக் கேஜ் போதும். 'கோ' முனை போகிறதா, 'நோ-கோ' முனை நிற்கிறதா என்ற இரண்டு சொல் பதிலில் விஷயம் முடிந்துவிடும்.

குரல் அழைப்புக்கும் இதே கவனம் வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் இரைச்சல் வரம்பு. பிரஸ் ஷாப்பில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நாள் ஓடும். அங்கிருந்து ஒருவர் உங்களிடம் கத்திப் பேசினால் அது கோபம் இல்லை. "ஏன் கத்துறீங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். "வெளிய வந்து கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே காத்திருங்கள். அவர் வெளியே வந்து கூப்பிடும்போது நீங்கள் வேறொரு மீட்டிங்கில் இருந்தால், அடுத்த முறை அவர் வெளியே வர மாட்டார்.

அவருடைய கடிகாரம்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பல கம்பெனிகளில் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு முடிகிறது. ஒப்படைப்பு, கை கழுவல், உடை மாற்றல், பஸ் என்று எல்லாம் ஒரு கால் மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். கம்பெனி பஸ் ஒருவருக்காக நிற்காது. 2.20க்கு நீங்கள் போட்ட "ஒரு நிமிஷம் அண்ணே" என்ற போன் எட்டு நிமிடம் நீண்டால், அவர் சாலைக்கு நடந்து வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டேஷனுக்கு வந்து, வீடு சேர இருட்டிவிடும். தொடக்கத்திலும் இப்படித்தான். ஷிஃப்ட் பொறுப்பேற்ற முதல் இருபது நிமிடம் முந்தைய ஷிஃப்ட் விட்டுப்போன ரீவொர்க், வராத ஆள், தீர்ந்துபோன மெட்டீரியல் என்று அவர் தலை சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் கூப்பிடாதீர்கள். லைன் நின்றுபோனால் மட்டும் இதற்கு விலக்கு.

இன்னொன்று நாம் எளிதில் மறப்பது. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீடு வந்தவருக்குப் பகல் பதினொரு மணி என்பது நள்ளிரவு. உங்கள் காலை மீட்டிங்கில் "ராத்திரி என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டதும், உடனே அவரை லைனில் சேர்க்கத் தோன்றும். அவர் வீட்டில் ஒற்றை அறை இருக்கும், பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அடக்கிவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் மாலை வரை பொறுங்கள். ஷிஃப்ட் வாரா வாரம் மாறும் என்பதால், நீங்கள் பழகும் சூப்பர்வைசர்களின் அந்த வார ஷிஃப்டை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைப்பது எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. திங்கள் காலை செய்யும் முதல் வேலை அதுதான்.

வெளிநாட்டுக் கூட்டங்கள் இந்தக் கடிகாரத்தோடு மோதும். 2010இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் ஓரகடத்தில் திறந்த பிறகு, இங்கே சிறு வெண்டர்கூட ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ ஏதோ ஒரு வகையில் பதில் சொல்கிறார். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அது ஆண்டு முழுக்க மாறாது. ஜெர்மனியும் பிரான்சும் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். அங்கே காலை 10 மணி என்று நிலையாக வைத்த கூட்டம் கோடையில் நமக்கு 1.30. நவம்பர் வந்ததும் அது 2.30, சரியாக ஷிஃப்ட் மாறும் நேரம். அங்கே இருப்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உங்களுக்கு எந்த நேரமும் ஒன்றுதான் என்பதால் நீங்களும் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். அக்டோபர் பாதியிலேயே ஒரு மெயில் போட்டுக் கூட்டத்தை முன்னே தள்ளச் சொல்வது உங்கள் கடமை. காரணத்தைத் தெளிவாக எழுதினால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வேலை நேரம் முடிந்த பின் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 தொடக்கத்திலிருந்து சட்டமாகவே வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் வரும் வரை காத்திருக்காமல், இரவு ஒன்பதுக்கு மேல் தோன்றும் கேள்வியை எழுதிச் சேமித்துவிட்டுக் காலையில் அனுப்புங்கள். பெண் ஊழியர்களின் சொந்த எண்ணுக்கு இரவில் கூப்பிடுவது வேறு சங்கடங்களையும் வீட்டில் உண்டாக்கும். அதை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

செய்தி எழுதும் விதம்

வாட்ஸாப் குழுவில் சாதாரணமாக வரும் செய்தி இது: "பிராக்கெட் ரிஜெக்ஷன் ஏன் இவ்ளோ? அர்ஜென்ட். ரிப்ளை பண்ணுங்க." இதற்கு அடியில் பதினோரு "ஓகே சார்" வரும். ஒருவரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள். எந்த பிராக்கெட், எந்த லைன், யார் பதில் சொல்ல வேண்டும் என்று செய்தியில் இல்லை. அதைப் படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு என்று நினைத்திருப்பார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி, டூல் ரூமிலிருந்து குவாலிட்டிக்கு வந்தவர், இப்படி எழுதுவார்:

"அண்ணே வணக்கம். ரெண்டாவது லைன், பிராக்கெட், டிராயிங் ரிவிஷன் சி. நேத்து நைட் ஓடுன லாட்ல அஞ்சு பீஸ் எடுத்து பெரிய ஓட்டைய பிளக் கேஜ்ல பாக்கணும். நோ-கோ உள்ள போகுதா இல்லையா, அது மட்டும் சொன்னா போதும். டீ பிரேக் முடிஞ்சு பத்தரைக்குள்ள போதும், அதுக்கு முன்ன வேணாம். லாட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி பிளானிங்ல நான் பேசிட்டேன், நீங்க யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு லாட்டை நிறுத்தினால் உற்பத்தி எண்ணிக்கை குறையும், அதற்கு யாராவது திட்டு வாங்க வேண்டும். அந்தப் பேச்சை அவர் தானே முடித்துவிட்டுத்தான் லைனுக்குச் செய்தி அனுப்பினார். அவருடைய செய்திக்கு எப்போதும் முதலில் பதில் வந்ததற்கு அந்த வரிதான் காரணம் என்று நினைக்கிறேன். டீ பிரேக்கை மதித்ததும் இன்னொரு காரணம்.

எழுதுவதை விடக் குரல் செய்தி எளிது என்று சிலர் இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். இரைச்சலில் கேட்காது, திரும்பத் தேடவும் முடியாது. எண் வரும் எதையும் எழுத்தில் அனுப்புங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பேசி முடித்ததும் முடிவை ஒரே வரியில் எழுதிப் போடுங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார். குழுவில் காலை வணக்கப் படங்கள் போடாமலிருப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க" என்றோ "ஹலோ" என்றோ தொடங்குவதை விட, அவர் எப்படி அழைக்கப்படுகிறாரோ அப்படி அழையுங்கள். பெரும்பாலான ஆலைகளில் வயதில் மூத்த ஆபரேட்டர் "அண்ணே" அல்லது "சார்". பட்டம் முடித்து வந்த இருபத்துமூன்று வயதுக்காரர், ஜெர்மன் அதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய பழக்கத்தில், முப்பது வருடம் வேலை பார்த்த டூல் ரூம் ஃபோர்மேனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த மனிதர் ஒன்றும் சொல்ல மாட்டார். வேலை மட்டும் மெதுவாக நகரும். வட மாநிலத்துத் தோழர்களும் லைனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான செய்தியை அந்த லைன் லீடர் வழியாகவே அனுப்புங்கள், உடைந்த ஆங்கிலத்தில் நேரடியாக அனுப்பி அவர்களைத் திணறவிடாதீர்கள்.

மீட்டிங்கில் இல்லாதவர்

இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கஸ்டமரிடமிருந்து புகார் வந்தால் வீடியோ கூட்டம் கூட்டப்படும். கஸ்டமர் குவாலிட்டி, நம் குவாலிட்டி, பர்ச்சேஸ் என்று பன்னிரண்டு கட்டங்கள் திரையில் இருக்கும். லைனில் நின்றவர் அந்தப் பன்னிரண்டில் இருக்க மாட்டார். "ஆபரேட்டர் தவறு" என்று சொல்லிவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும். மறுப்பவர் யாரும் இல்லாததால் அது அறிக்கையிலும் ஏறிவிடும்.

அப்படி எழுதப்பட்ட ஓர் அறிக்கையைப் பின்னால் ஓர் ஆலையில் போய்ச் சரிபார்த்தேன். பாகத்தைத் தலைகீழாக வைத்தாலும் ஃபிக்ஸ்சரில் உட்கார்ந்துவிடும் நிலையில் ஒரு லொகேட்டர் பின் தேய்ந்திருந்தது. அந்தப் பின் தேய்வதை ஆபரேட்டர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார், வாய்மொழியாக. சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய ஆட்கள் அந்த மாதங்களில் லைன் பக்கம் வரவே இல்லை.

கூட்டத்தில் இல்லாத ஒருவரின் தவறு என்று எதையும் சொல்வதற்கு முன், அவரிடமோ அவருடைய சூப்பர்வைசரிடமோ பேசியாகிவிட்டதா என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் "இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் சூப்பர்வைசரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அழைத்தால் அவருடைய பகுதியை முதல் பத்து நிமிடத்தில், தமிழில் பேசி முடித்து அவரை அனுப்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, கடைசியில் "எனி கமெண்ட்ஸ்?" என்று கேட்கும்போது "இல்ல சார்" என்று சொல்வதற்காக அவர் லைனை விட்டு வரவில்லை.

வீட்டுப் பக்கம்

மற்றவை எளியவை. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை; முன்தினமே செய்தித்தாளில் வந்துவிடும். அன்று கூட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி வைத்தால் போனும் லேப்டாப்பும் ஓரளவு தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நெட், கரண்ட், போன் சிக்னல் மூன்றும் போன பகுதிகள் நிறைய. அந்த நாட்களுக்காக, உங்கள் பொறுப்பில் இருக்கும் முடிவுகளை ஆலைக்குள் யார் எடுக்கலாம் என்று முன்பே பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்கு மைக்கை அணைத்து வைப்பதைத் தவிர வழியில்லை. கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பலர் வீட்டில் தனியறை இல்லை, பின்னால் மாமியார் சமைத்துக்கொண்டிருப்பார்.

டிராயிங் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கஸ்டமரின் டிராயிங்கைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அந்தக் கடைக்காரரின் போனிலும் கணினியிலும் அது தங்கிவிடும். வெளிவராத வண்டியின் பாகமாக இருந்தால் வெண்டரின் ஒப்பந்தமே போய்விடும், முப்பது நாற்பது பேர் வேலை அதில் இருக்கிறது. வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் அடுத்த நாள் ஆபீஸில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்த்தான் ஆக வேண்டிய நாட்கள்

டூலைப் பழுது பார்த்து மறுபடி ஏற்றிய பின் ஓடும் முதல் லாட். யாருக்காவது அடிபட்ட நாள். இரண்டு பிரிவுகளுக்குள் சண்டை முற்றி மெயிலில் பத்தாவது பதில் போய்க்கொண்டிருக்கும்போது. இந்த மூன்றுக்கும் வீட்டிலிருந்து பேசக் கூடாது. ஜப்பானியர்கள் 'கெஞ்சி கெம்புட்சு' என்று சொல்வது இதைத்தான்: இடத்துக்குப் போ, பொருளைப் பார்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஓரகடம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், லாரி நெரிசல் இருந்தாலும் பைக்கில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். போவதாக இருந்தால் முன்தினமே கேட் பாஸுக்குச் சொல்லிவிடுங்கள். செக்யூரிட்டி உங்களை உள்ளே விட லைன் சூப்பர்வைசர் கேட் வரை நடந்து வரும்படி வைக்காதீர்கள். சேஃப்டி ஷூவை வண்டிப் பெட்டியிலேயே வைத்திருங்கள், விருந்தினர் ஷூ உங்கள் அளவில் இருக்காது. போனதும் கேபினில் உட்காராமல் நேராக லைனுக்குப் போங்கள். குறைந்தது ஒரு பாகம் செய்து முடிக்கும் நேரம், ஒன்றும் கேட்காமல், ஆபரேட்டரின் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள். அவராகவே திரும்பி, "சார், இங்க பாருங்க, இந்தப் பின்னு லேசா ஆடுது" என்பார்.